என் பேரில் மதினி பார்த்த ஷிப்டு

என் வீட்டுச் சாவிக்கொத்தில் எந்தப் பூட்டுக்கும் சேராத பித்தளை வில்லை ஒன்று தொங்குகிறது. பழைய எட்டணாவைவிடக் கொஞ்சம் பெரிது. மேலே ஒரு துளை, நடுவில் ஓர் எண். அந்த எண் கண்ணால் படிக்க முடியாத அளவுக்குத் தேய்ந்துபோய்விட்டது; கட்டைவிரலை வைத்துத் தடவினால் மட்டும் தட்டுப்படும். பேரன் பேத்திகள் வரும்போதெல்லாம் இது எந்தப் பெட்டிச் சாவி என்று கேட்பார்கள். "உங்க செட்டியார்பட்டி ஆச்சி காலேஜுக்குப் போன சாவி" என்பேன். அவர்கள் சிரிப்பார்கள். அந்த ஆச்சி ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. எண்பதுகளின் நடுவில் ஒரு தை மாதம், என் மதினி உண்மையாகவே ராஜபாளையத்தில் எங்கள் பெண்கள் கல்லூரியில், பி.ஏ. சரித்திரம் இரண்டாம் ஆண்டு வகுப்பில், என் இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி. என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள், அதனால் மரியாதை வைத்து எழுத உட்கார்ந்தாலும் கை 'அவள்' என்றே எழுதிவிடுகிறது. செட்டியார்பட்டியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எங்கள் வீட்டுக்கு வாழ வந்தவள். வந்த பிறகும் ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லுக்கு நூல் சுற்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். போய்க்கொண்டிருந்தாள் என்று சொல்வதும் முழுக்கச் சரியில்லை. அவள் அங்கே பதிலி. நிரந்தரத் தொழிலாளி ஒருத்தி வேலைக்கு வராவிட்டால் அவள் இடத்தில் நிற்பதற்கென்று பெயர் பதிந்து வைத்திருக்கும் ஆள்தான் பதிலி. காலையில் மில் வாசலில் பதிலிகள் எல்லாரும் கூடி நிற்பார்கள். மேஸ்திரி வந்து, உள்ளே எத்தனை பேர் குறைகிறார்களோ அத்தனை பேரை மட்டும் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவள் டைம் ஆபீசில் எண் பொறித்த தன் பித்தளை டோக்கனைக் கொடுத்துவிட்டு உள்ளே போவாள். டோக்கனை அவர்கள் வாங்கிக்கொண்டார்கள் என்றால் ஆள் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்று அர்த்தம். ஷிப்டு முடிந்து டோக்கன் கைக்குத் திரும்பினால் அன்றைய கூலி உறுதி. மற்றவர்கள் வந்த பஸ்ஸிலேயே திரும்ப வேண்டியதுதான். "ஊருல யாருக்குக் காய்ச்சலோ அவ புண்ணியத்துல எனக்குக் கஞ்சி" என்பாள் மதினி. கூப்பிடாத நாளில் முகம் வாடுவதும் இல்லை. "நிக்கிறவளுக்குத்தான் கூப்பாடு கேக்கும். நின்னுதான பாக்கணும்" என்று மறுநாளும் போய் நிற்பாள். காலையில் முதல் பஸ் அவளுக்கு. அடுத்த பஸ் எனக்கு.

நான் கல்லூரிக்குப் போனது ஓர் உதவித்தொகையை நம்பித்தான். கல்லூரி அலுவலகத்துக்கு வெளியே கம்பி வலை போட்ட பலகையில் அதன் விதிகளை ஒட்டியிருப்பார்கள். கும்பிடுகிற சாமி படத்தைக்கூட நான் அத்தனை தடவை பார்த்ததில்லை. பருவத்துக்கு ஒரு முறை பணம் தருவார்கள். வாங்க வேண்டியவள் நேரில் வந்து கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். அந்தப் பருவத்து வேலை நாளில் முக்கால் பங்குக்குக் குறையாமல் வகுப்பில் இருந்திருக்க வேண்டும்; காலை ஒரு வருகை, மதியம் ஒரு வருகை, இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு நாள். உடம்புக்கு முடியாமல் போனால் டாக்டர் சான்றிதழ் கொண்டுவந்தால் அந்த நாட்களைக் கணக்கிலிருந்து தள்ளிவிடுவார்கள். ஒரு வேளை குறைந்தாலும் உதவி காத்திருப்போர் பட்டியலில் அடுத்து இருப்பவளுக்குப் போய்விடும். போனது போனதுதான், திரும்ப வராது. என் பெயருக்கு அடுத்து அந்தப் பட்டியலில் இருந்தவள், பெஞ்சிலும் எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவள். வத்திராயிருப்பிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். அவள் அப்பா ஒரு தென்னந்தோப்பில் காவல் வேலை. நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பலகையைச் சேர்ந்தே போய்ப் பார்ப்போம். பார்த்துவிட்டு அதைப் பற்றி மட்டும் பேசாமல் திரும்பி வருவோம்.

வீட்டிலும் ஒரு விதி இருந்தது. அதைப் பலகையில் ஒட்டவில்லை, அவ்வளவுதான். அப்பா தவறிய பிறகு சைக்கிள் கடையில் காற்றடித்துப் பஞ்சர் ஒட்டி வீட்டைத் தூக்கி நிறுத்தியவன் அண்ணன். கெட்டவன் இல்லை, வருமானம் இழுத்த இழுப்புக்கு வராத ஆள். நான் கல்லூரியில் சேர்ந்த அன்றைக்கே சொல்லிவிட்டான்: "அந்த ரூபா வருத வரைக்கும் படி. அது நின்னா நீயும் நில்லு." நின்றால் என்ன என்று எனக்குத் தெரியும். விருதுநகர் பக்கமிருந்து ஒரு வரன் ஏற்கெனவே இரண்டு தடவை கேட்டு அனுப்பியிருந்தது.

தை பிறந்து பொங்கல் பானையின் மஞ்சள் கயிறுகூடக் கழற்றாத நிலையில் எனக்கு அம்மை போட்டுவிட்டது. முதல் முத்து கழுத்தில் தெரிந்த உடனே அம்மா வாசலில் வேப்பிலை செருகிவிட்டாள். அப்புறம் வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறாது, தாளிக்கிற சத்தம் கேட்காது, வெளியாள் வாசல்படி மிதிக்கக் கூடாது. மதினி அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. அம்மை கண்ட வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கக் கூடாது என்று அன்றைக்கே அவளைத் தாய் வீட்டுக்கு அனுப்ப ஏற்பாடாயிற்று. அவள் பையைத் தூக்கிக்கொண்டு நடையில் நிற்கிறாள். நான் உள்ளறையில் வேப்பிலைப் படுக்கையில் கிடக்கிறேன். அப்போதுதான் டாக்டர் சான்றிதழ் பேச்சு வந்தது. பேச்சை எடுத்தவன் அண்ணன். அம்மா ஒரே போடாகப் போட்டாள்.

"ஆத்தா வீடு தேடி வந்திருக்கையில டாக்டரக் கூட்டியாந்து ஊசி காட்டச் சொல்லுதியா? வாயில போட்டுக்கோ. தப்புச் சொல்லு, கன்னத்துல போடு."

அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். அவனுக்கும் பயம்தான். பிறகு மெதுவாக, "சீட்டு இல்லன்னா ரூபா வராதும்மா. ரூபா வரலன்னா..." என்று சொல்லி நிறுத்தினான். அந்த அரைப் பேச்சை நடையில் நின்ற மதினி கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறியிருக்கிறாள்.

இதற்கு அடுத்து நடந்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை. பெஞ்சுத் தோழி பல தடவை நடித்துக் காட்டியும், மதினி அவள் பங்குக்கு மறுத்தும் சேர்த்தும் சொல்லியும் எனக்குள் சேர்ந்த காட்சி இது. மதினி செட்டியார்பட்டியிலிருந்து வழக்கம்போல மில் வாசலுக்குப் போய் நின்றாள். அன்று கூப்பிடவில்லை. மற்ற பதிலிகள் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தபோது இவள் மட்டும் எதிர்ப்பக்கம் நடந்து கல்லூரிக்கு வந்துவிட்டாள். எனக்குச் சாப்பாட்டு வாளி கொடுக்க ஒரு தடவை வந்திருந்ததால் வகுப்பு எதுவென்று தெரியும். முதல் மணி அடித்து, சரித்திர மிஸ் வருகைப் பதிவேட்டைத் திறக்கிறார். என் எண் வந்ததும் வாசலில் ஒரு குரல்: "வந்திருக்கு!"

மிஸ் நிமிர்ந்து பார்த்தார். தலைமுடியில் பஞ்சுத் தூசி படிந்த ஒரு பெண், கையில் தூக்குவாளி.

"யாரும்மா நீங்க?"

"பதிலிங்க. எங்க நாத்தனாளுக்கு அம்மை போட்டிருக்கு. அவ வாரவரைக்கும் நான் பாத்துக்கிடுதேன்."

சொல்லிவிட்டு நேராக மேசைக்குப் போய் டோக்கனை எடுத்துப் பதிவேட்டின் மேல் வைத்தாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. எங்கள் சரித்திர மிஸ்ஸைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சாம்ராஜ்யங்கள் விழுந்த கதையை மணிக்கணக்கில் சொல்லுவார். எதிரே நிற்கிற ஆளிடம் 'முடியாது' என்ற ஒரு சொல் மட்டும் அவருக்கு வராது. டோக்கனைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன செய்வதென்று தெரியாமல் பென்சில் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு, "சரி, உக்காருங்க" என்றார். அந்த இடத்தில்தான் பிசகு நடந்தது. மதினியைப் பொறுத்தவரை டைம் ஆபீஸ் டோக்கனை வாங்கிக்கொண்டது. ஆள் வேலையில் சேர்ந்தாயிற்று. இதற்கு மேல் என்ன வேண்டும்? அவள் வந்து என் இடத்தில் உட்கார்ந்தாள். பெஞ்சுத் தோழி நகர்ந்து இடம் விட்டாள். சாயந்திரம் மணி அடித்ததும் ஆசிரியர் அறை வாசலுக்குப் போய் நின்று, "ஷிப்டு முடிஞ்சிருச்சுங்க, டோக்கன்" என்று கேட்டு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனாள்.

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாள் மில்லில் கூப்பிட்டுவிட்டார்கள், வரவில்லை. அன்றைக்கு மிஸ்ஸே என் எண்ணைக் கூப்பிட்டுவிட்டு, "இன்னைக்குப் பதிலி வரலையா?" என்று கேட்டாராம். மற்ற ஆசிரியைகள் மிஸ் அனுமதித்திருக்கிறார் போல என்று விட்டுவிட்டார்கள். வகுப்பில் மதினிக்கு ஒன்றும் விளங்கியதாகச் சொல்ல முடியாது, அவளும் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. அவள் பார்த்ததெல்லாம் ஆட்களைத்தான். "உங்க இங்கிலீசு மிஸ் ஒரு மணி நேரம் தண்ணி குடிக்காம பேசுதாவ, தொண்டையா ஊதுகுழலா?" என்பாள். "மதியத்துக்கு மேல பாதிப் பேரு கண்ணைத் தொறந்து வச்சுக்கிட்டே தூங்குதாளுக. எங்க மில்லுல அப்படித் தூங்கினா விரலு போயிரும்" என்பாள். தோழியின் காதில் ஒரு தடவை, "ஏட்டி, இம்புட்டு நேரம் சும்மா உக்காந்திருக்கதுக்கா ரூபா குடுக்காக? அப்பச் சரி, கஷ்டந்தான்" என்று சொல்ல, அவள் வாய்விட்டுச் சிரித்து வகுப்புக்கு வெளியே போய் நிற்க வேண்டியதாயிற்று.

இப்படி ஒரு வாரம் போன பிறகு, வராந்தாவில் போன பிரின்ஸ்பால் அம்மா, பட்டப்பகலில் கர்ப்பிணிப் பெண் ஒருத்தி தூக்குவாளியோடு சரித்திர வகுப்பில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டார். மதினியையும் மிஸ்ஸையும் அறைக்குக் கூப்பிட்டார். துணைக்குத் தோழியும் போனாள், கூப்பிடாமலே. பதிவேட்டைத் திறந்து பார்த்தால் என் பெயருக்கு நேரே ஒரு நாள்கூட வருகை விழவில்லை. மிஸ் ஒவ்வொரு நாளும் ஆப்சென்ட்தான் போட்டிருக்கிறார். சொல்லத்தான் வாய் வரவில்லை. அதைக் கேட்டதும் மதினிக்குக் கோபம் வந்ததாம். மிஸ்ஸைப் பார்த்து, "டோக்கன வாங்கிட்டு ஆப்சென்ட் போடுவீகளா? எங்க டைம்கீப்பரே அந்தப் பாவம் செய்ய மாட்டாரே" என்றாளாம். மிஸ் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பிரின்ஸ்பால் அம்மா கண்டிப்பானவர், ஆனால் காது கொடுத்துக் கேட்பார். "படிப்புக்குப் பதிலி கிடையாதும்மா" என்றார்.

"ஏனுங்க? பெஞ்சு காலியா இருக்கக் கூடாது, அதான உங்க சட்டம்? நான் காலியா விடலையே."

"உக்கார்றது பெஞ்சுக்காக இல்லம்மா. அவளுக்காக. அவ கேட்க வேண்டியத நீங்க கேட்டா அவளுக்கு எப்படிப் போய்ச் சேரும்?"

மதினி, "அது நியாயந்தான்" என்று ஒத்துக்கொண்டாள். இதை என்னிடம் சொல்லும்போதும் அப்படியே ஒத்துக்கொண்டுதான் சொல்வாள். தோற்றதை மறைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. பிறகு டாக்டர் சான்றிதழ் பேச்சு வந்தது. அம்மை வீட்டுக்கு டாக்டர் வர மாட்டார், வந்தாலும் அத்தை விட மாட்டார் என்று மதினி சொல்ல, பிரின்ஸ்பால் அம்மா தலையைச் சாய்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க மில்லுல ஒருத்திக்கு அம்மை போட்டா என்ன செய்வாங்க? சர்ட்டிபிகேட் கேக்க மாட்டாங்களா?"

"எங்க மேஸ்திரி ஆள் அனுப்பி வாசல்ல வேப்பிலை தொங்குதான்னு பாத்துட்டு வரச் சொல்லுவாரு. தொங்கினா லீவு. மூணாந் தண்ணி ஊத்தாம வந்தா உள்ளயே விட மாட்டாரு. வேப்பிலைக்கு மேல ஒரு சீட்டு உண்டாங்க?"

மறுநாள் சரித்திர மிஸ் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தார். இது நானே அறிந்தது, கண்ணால் இல்லை, காதால். மத்தியான நேரம். நான் அரிப்புத் தாங்காமல் வேப்பங்கொத்தால் முதுகைத் தடவிக்கொண்டு கிடக்கிறேன். தெருக்கோடியிலிருந்து யாரோ, "அம்மா... அம்மா..." என்று கூப்பிடுகிறார்கள். மிஸ்ஸுக்குச் சின்ன வயதில் அம்மை போட்டதில்லையாம். கிட்டே வரப் பயம். போகமாட்டேன் என்று பிரின்ஸ்பாலிடம் சொல்லவும் வாய் வரவில்லை. அதனால் எங்கள் வீட்டிலிருந்து பத்து வீடு தள்ளி, குடையைக் கேடயம் மாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றபடி வேப்பிலையைப் பார்வையிட்டார். அம்மா வாசலில் நின்று, அவர் தெருக்கோடியில் நின்று, பேச்சு ஊருக்கே கேட்டது.

"ஆத்தா எறங்கிட்டாளான்னு பாக்க வந்தேன்!"

"இன்னும் எறங்கல! தண்ணி ஊத்த நாளாகும்! நீங்க யாரு?"

"காலேஜு! உங்க மருமகதான் தெனம் வகுப்புக்கு வந்து உக்காந்திருந்தாங்க!"

"எந்த மருமக? எந்த வகுப்புக்கு?"

"உங்க மக வகுப்புக்கு! பதிலியா!"

அம்மா திரும்பி உள்ளே என்னைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மைக்காரி சிரித்தால் முத்து உடையும் என்று அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு அதட்டுகிறாள். அதட்டும்போதே அவளும் சிரிக்கிறாள். அந்த நோவில் நான் அழாமல் இருந்த ஒரே பொழுது அதுதான்.

மிஸ் தான் நேரில் கண்டதை எழுதிக் கொடுத்தார். பிரின்ஸ்பால் அம்மா அதைச் சான்றிதழாக வைத்துக்கொண்டார். அம்மை நாட்கள் கணக்கிலிருந்து தள்ளப்பட்டன. ஆனால் நான் அம்மை இறங்கி மூன்றாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டு திரும்பிப் போனபோது அவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: பொங்கலுக்கு முன்னால் அங்கொன்றும் இங்கொன்றுமாக நான் விட்ட வேளைகள் ஏற்கெனவே விளிம்பு வரை வந்துவிட்டன. இனிப் பருவம் முடிகிற வரைக்கும் ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. தவறினால் அவரே நினைத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது, பட்டியலில் அடுத்தவள் காத்திருக்கிறாள். "வேப்பிலை ஒரு தடவைதான் தொங்கும்" என்றார்.

மாசிக் கடைசியில், எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்திருந்த மதினிக்கு வளைகாப்பு வைத்தார்கள். எங்கள் வழக்கத்தில் முதல் வளையலை நாத்தனார்தான் போட வேண்டும். இருக்கிற ஒரே நாத்தனார் நான். பஞ்சாங்கத்தில் அந்த மாதம் அவளுக்குப் பொருந்தி வந்த நாள் ஒன்றே ஒன்று. அது வியாழக்கிழமை. நல்ல நேரம் காலை பத்தரைக்கு மேல். நான் வீட்டில் இருந்தால் வகுப்பில் இல்லை. வகுப்பில் இருந்தால் வீட்டில் இல்லை. அம்மா, "முத வளையல மாத்தாள் போட்டா ஊரு என்ன சொல்லும்?" என்று புலம்பினாள். அண்ணன் போட்ட விதி அவன் கழுத்தையே பிடித்திருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் மதினி மில்லுக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். நிறுத்திய அன்று டோக்கனை என் கையில் கொடுத்து, "பிள்ளையப் பெத்துட்டு வந்து வாங்கிக்கிடுதேன். தொலைச்சிராத" என்றிருந்தாள். அம்மா நாள் குறித்துவிட்டு வந்தபோது மதினி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"நீ காலேஜுக்குப் போ. அவியதான் பதிலிய ஒத்துக்கிட மாட்டாக. நான் ஒத்துக்கிடுவேன். ஒரு ஆளப் பாத்து அனுப்பு."

யாரை அனுப்ப? பெஞ்சில் இதைச் சொன்னேன், யோசனை கேட்கத்தான் சொன்னேன். வத்திராயிருப்புக்காரி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "நான் போறேன்" என்றாள்.

"உனக்கு ஆப்சென்ட் விழுமே."

"எனக்கு நாள் மிச்சம் கெடக்கு. மிச்சத்த வச்சு என்ன செய்ய, ஊறுகாயா போடப் போறேன்?"

ஒரே ஒரு வேளை நான் வராவிட்டால் அந்தப் பணம் அவளுக்கு. அவள் சும்மா இருந்தாலே போதும். நான் டோக்கனை எடுத்து அவள் கையில் வைத்தேன். "இதக் காட்டு, உள்ள விடுவாவ" என்றேன். வியாழக்கிழமை நான் ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினேன்; அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி எங்கள் வீட்டுக்குப் போனாள். முதல் மணியில் என் எண்ணைக் கூப்பிட்டபோது எழுந்து நின்று 'பிரசன்ட் மிஸ்' என்றேன். என் பக்கத்து இடம் காலியாக இருந்தது. மிஸ் அந்த எண்ணைக் கூப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். அவர் ஆப்சென்ட் போட்டார்.

வீட்டில் நடந்ததைச் சாயந்திரம் அம்மா சொன்னாள். வாசலில் வந்து நின்ற பெண்ணை யாரென்று தெரியாமல் எல்லாரும் பார்க்க, மணையில் உட்கார்ந்திருந்த மதினி மட்டும், "டோக்கன் எங்கட்டி?" என்று கேட்டிருக்கிறாள். தோழி நேரே வந்து வளையல் தட்டில், மஞ்சள் குங்குமத்துக்குப் பக்கத்தில், டோக்கனை வைத்திருக்கிறாள். மதினி சிரித்த சிரிப்பில் பூச்சரம் அவிழ்ந்துவிட்டதாம். முதல் வளையல் அவள் கையால் ஏறியது. பெரியவர்கள் முணுமுணுத்ததற்கு மதினி, "டோக்கன் வாங்கியாச்சு. எங்க மில்லுல வாங்கினா மாத்திப் பேச மாட்டோம்" என்று முடித்துவிட்டாள். தோழி சாப்பிட்டுக் கிளம்பும்போது, "ஷிப்டு முடிஞ்சது" என்று டோக்கனைத் திருப்பிக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

அந்தப் பருவம் பணம் வந்தது. நேரில் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்து அண்ணன் கையில் கொடுத்தேன். அவன் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். கையைத் துடைத்துவிட்டு வாங்கி, கட்டணத்துக்கு வேண்டியதை எனக்கே திருப்பிக் கொடுத்தான். "சரி. நிக்காத, போ" என்றான். படிப்பை முடித்தேன், பிறகு கூட்டுறவுச் சங்கத்தில் வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று வாழ்க்கை அதன் வழியில் போயிற்று. வத்திராயிருப்புக்காரிக்கு உதவித்தொகை கடைசி வரைக்கும் கிடைக்கவில்லை. அவள் எப்படியோ சமாளித்து என்னோடு சேர்ந்து முடித்தாள். பல வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அன்றைக்கு ஏன் போனாய் என்று கேட்டேன். அவள் இலையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நீ எத்தன நாள் வரலன்னு நான் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். உன் மதினி வந்து பக்கத்துல உக்காந்த அன்னைக்கு எண்ணுறத விட்டுட்டேன்."

மதினி பெண் பிள்ளையைப் பெற்றுவிட்டு மில்லுக்குத் திரும்பியபோது டோக்கனுக்குப் பதில் அட்டை வந்துவிட்டது. பிறகு நிரந்தரமும் ஆனாள். பழைய டோக்கனை யாரும் கேட்கவில்லை, என்னிடமே தங்கிவிட்டது. இப்போது அவளுக்கு மில் ஓய்வூதியம் கொஞ்சம் வருகிறது. அதற்கும் ஒரு விதி உண்டு. வருடத்துக்கு ஒரு முறை, தான் உயிரோடு இருப்பதை அவளே விரல் வைத்துக் காட்ட வேண்டும். போன கார்த்திகையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அண்ணன் இப்போது இல்லை. மெஷினில் கட்டைவிரலை வைத்தாள், விழவில்லை. அடுத்த விரல், அடுத்த விரல். அத்தனை வருடம் நூல் ஓடிய விரல்களில் ரேகை எதுவும் மிஞ்சவில்லை. மெஷின் சிவப்பாக மின்னி மின்னி அவளை இல்லை என்றது. மதினி பொறுமையாக என்னைக் காட்டி, "தம்பி, இந்தா இருக்கா. இவ வைக்கட்டுமா?" என்றாள்.

சென்டர் பையன் சிரிக்காமல் சொன்னான்: "இதுக்கெல்லாம் பதிலுக்கு ஆள் வைக்க முடியாது ஆச்சி. நீங்களேதான் உயிரோட இருக்கணும்."

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "காலேஜுலயும் இதத்தான சொன்னாக" என்றாள் மதினி. பையன் கடைசியில் தன் போனை எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்து, கண்ணை மூடித் திறக்கச் சொன்னான். மூடித் திறந்தாள். பச்சை விழுந்தது. அடுத்த வருடம் வரைக்கும் ஆள் இருக்கிறாள் என்று ஒரு தாள் வெளியே வந்தது.

படி இறங்கும்போது எனக்கு என்ன தோன்றியதோ, சாவிக்கொத்திலிருந்து டோக்கனைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தேன். உங்களுடையதுதானே மதினி, வச்சுக்கோங்க என்றேன். ரேகை இல்லாத கட்டைவிரலால் எண்ணைத் தடவிப் பார்த்தாள். விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும், வாய்க்குள் அந்த எண்ணைச் சொன்னாள். பிறகு என் கையை இழுத்து டோக்கனைத் திரும்ப அதில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடிவிட்டாள்.

"இப்பத்தான உள்ள போயிருக்கேன். ஷிப்டு முடியட்டும், வாங்கிக்கிடுதேன்."